பிரான்சிலிருந்து வந்த அஞ்சு மில்லிகிராம்

புதுச்சேரியிலேயே மிக உயரமானது கலங்கரை விளக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிக உயரமானது எங்கள் பெரியப்பா சகாயநாதனின் ரத்த அழுத்தம். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து. அது உச்சத்தில் நின்ற நாட்களில் வங்கக் கடலில் போகிற கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் திசை திருப்பின. கடலூர்க்காரர்கள் மொட்டை மாடியில் ஏறி நின்று கைகாட்டினார்கள். அதை அடக்க இந்தியாவில் சரியான ஆள் இல்லாததால் பிரான்சு தேசமே பதினொரு வருடம் மாத்திரை அனுப்பி வைத்தது.

இதில் மாத்திரை மட்டும் நிஜம். பதினொரு வருடமும் நிஜம்.

பெரியப்பா குசினிக்காரர். சமையலறையைக் குசினி என்று சொல்கிற வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, முப்பத்து நாலு வருடம் அடுப்பெரித்தவர். அந்தக் குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்ததால் பரம்பரைக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. எஜமானியம்மாவை எல்லோரும் மதாம் என்பார்கள். மதாமுக்கு ஒரே பிள்ளை, ஜோசப் ஆனந்த். பெரியப்பாவுக்கு அவர் எப்போதும் சின்ன முசே, அதாவது சின்ன ஐயா. நாலு வயதில் வாயில் கரண்டி வைத்து ஊட்டின பிள்ளை வளர்ந்து பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறி, தலை நரைத்த பிறகும் பெரியப்பாவுக்குச் சின்ன முசேதான்.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், சூப் சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவருக்கு ஏழாவது படியில் நெஞ்சு இறுகியது. "உள்ளுக்குள்ள யாரோ பலகையை வெச்சு மேல ஏறி நின்ன மாதிரி" என்பார். சுவரில் சாய்ந்து நின்றாராம். சூப் ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம். நெஞ்சுவலிக் கதையை எத்தனை முறை சொன்னாலும் முக்கியமான செய்தி அந்தச் சூப்தான்.

மதாம் தன் டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனார். பிரஷர் எகிறி இருக்கிறது, இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயும் ஒடுங்கி இருக்கிறது என்று சொல்லி டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம், தினம் ஒன்று, ஆயுசுக்கும். மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்துவிட்டு, "அட, இது என்னோடதாச்சே!" என்றார். அவருக்கும் அதே மாத்திரை. மகன் பிரான்சிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று முதல் பார்சலில் இரண்டு பேருக்குப் பெட்டி வந்தது.

பெரியப்பா அந்த மாத்திரையைச் சாப்பிடுகிற அழகைப் பார்க்க வேண்டும். காலை ஏழரைக்குப் பிடி இல்லாத கிண்ணத்தில் காப்பி. ரொட்டித் துண்டு. சின்னத் தட்டில் தனியாக மாத்திரை. ஒரு நாள் நான் மாத்திரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதினா மிட்டாய் வைத்தேன். விழுங்கப் போனவர் நிறுத்தி, முகர்ந்து பார்த்து, ரொட்டிக் கத்தியோடு முத்தியால்பேட்டை சந்து முழுக்க என்னைத் துரத்தினார். அவ்வளவு ஓடியும் நெஞ்சு வலிக்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று அன்றைக்கு நிரூபித்தவள் நான். யாரும் நன்றி சொல்லவில்லை. சாயங்காலமானால் அவர் கணுக்கால் கொஞ்சம் வீங்கும். அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டாம். கேட்டால், "பிரான்சுக்கு நடந்து போயி வாங்கியாந்த கால் இல்ல?" என்பார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மதாம் இறந்தார். மகன் வந்தார், அடக்கம் செய்தார், வீட்டை ஓட்டல்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். போகும்போது பெரியப்பாவின் தோளில் கை வைத்து, "சகாயம், உன் மருந்தைப் பற்றிக் கவலைப்படாதே, நான் இருக்கிறேன்" என்று பிரெஞ்சில் சொன்னாராம். பெரியப்பா அதை எங்கள் வீட்டில் வந்து பிரெஞ்சில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, மறுபடி பிரெஞ்சில் ஒரு தடவை சொன்னார். பெரியம்மா செத்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. மாடியில் ஒற்றை அறையில் அவர், கீழே நாங்கள். சொல்ல எங்களை விட்டால் ஆள் இல்லை.

ஓட்டல்காரர்கள் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். குசினியில் இல்லை. குசினியை இடித்து ஜூஸ் கடை மாதிரி ஏதோ செய்துவிட்டார்கள். இடுப்பில் சிவப்புத் துணி கட்டி, வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு "பொன்ழூர்" என்று பிரெஞ்சு வணக்கம் சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வருடம் அந்த வீட்டுக்குச் சாஸ் கிண்டியவர் வாசல் பொம்மையாக நாலு நாள் நின்றார். நாலாம் நாள் பெங்களூர்க் கும்பல் ஒன்று அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தது. சிவப்புத் துணியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். நான் போய் அந்த மேனேஜரைத் தெருவில் நிறுத்தி, அவன் பரம்பரையை வரிசையாக விசாரித்துவிட்டு வந்தேன்.

அந்தக் கிறிஸ்துமசுக்கு ஒரு பார்சல் வந்தது. அதோடு சரி.

பெரியப்பா காத்திருந்தார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மாடிப்படியில் எட்டிப் பார்ப்பார். பிறகு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடத் தொடங்கினார். எங்களிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை மீன் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துபோனார். நான் பிளாஸ்டிக் பையை ஊதிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன், காதருகே படாரென்று வெடிக்கலாம் என்று. பத்தடி இருக்கும்போது அவர் கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை. பையிலிருந்து மெதுவாகக் காற்றை இறக்கினேன்.

"என்னா பெரியப்பா?"

"ஒண்ணுமில்ல. வாயு."

"வாயு வந்தா கம்பத்தையா புடிச்சிக்குவாங்க?"

"வாய மூடு. ஒங்கப்பன்கிட்ட சொன்னீனா தோல உரிச்சிடுவேன்."

"உரிக்கிறதுக்கு மொதல்ல நேரா நில்லுங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன். ஒன்பது மாத்திரைதான் மிச்சம். சுகாதார நிலையத்தில் இதே மருந்து சும்மா தருகிறார்கள், இரண்டு தெரு நடந்தால் போதும் என்றேன்.

"அவரு அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு" என்றார். "நான் போயி இங்க வரிசையில நின்னா, அவரு வார்த்தைக்கு என்னா மரியாத?"

"வார்த்தை நெஞ்சுவலிக்குக் கேக்குமா?"

"போடி கீழ."

இங்கே மாத்திரை வாங்கினால் சின்ன முசே மறந்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதை ஒத்துக்கொள்வதைவிடக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேருவது மேல் என்று மனுஷன் தீர்மானித்திருந்தார். மாத்திரை பிரான்சிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் வேண்டாம்.

கிறிஸ்துமஸ் பார்சல் சீட்டில் ஜோசப் ஆனந்தின் போன் நம்பர் இருந்தது. போனிலேயே மொழிபெயர்த்து ஒரு செய்தி அனுப்பினேன். பெரியப்பாவுக்கு மாத்திரை தீரப்போகிறது, நெஞ்சு வலிக்கிறது, நீங்கள் அனுப்பினால்தான் சாப்பிடுவார் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "அந்த ஏற்பாடு அம்மாவோடு முடிந்துவிட்டது. இந்த மருந்து இந்தியாவில் மிக மலிவு, அவரே வாங்கிக்கொள்ளலாம். தயவுசெய்து இந்த எண்ணுக்கு இனி எழுத வேண்டாம்."

மூன்று வரி. ஒன்றுகூடப் பொய் இல்லை. யாரிடமும் காட்டவில்லை.

அலமாரியில் பெரியப்பாவின் பிரஷர் அட்டை இருந்தது. எப்போதோ வீடு வீடாக வந்து பதிந்து கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே சுடர்விழி சிஸ்டர்தான் நோட்டில் எழுதி மாத்திரை தருகிறவர்.

"ஆளு எங்க?"

"நடக்க முடியல சிஸ்டர்."

"போன வாரம் மார்க்கெட்டுல மீனுக்கு சண்ட போட்டுக்கினு இருந்தாரே?"

"சண்டைக்கு நடக்க வேணாமே சிஸ்டர்."

முறைத்தார். பிரான்சுப் பெட்டியை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு ஒண்ணு, அளவு ஒண்ணு. ஊருதான் வேற. இந்த மாசம் தர்றேன். அடுத்த மாசம் அவரு வந்து பிரஷர் பாக்கணும்." அடுத்த மாதமும் இதையேதான் சொன்னார். அதற்கடுத்த மாதமும்.

அரசாங்க மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று முதுகு முழுக்க அச்சடித்திருக்கும். அதனால் முப்பது மாத்திரையையும் பிதுக்கி ஒரு வெள்ளைக் குப்பியில் போட்டேன். ஜெராக்ஸ் கடையில் பிரெஞ்சில் ஒரு லேபிள் அடித்தேன். "என்னா பாப்பா, கம்பெனி ஆரம்பிச்சிட்டியா?" என்றார் கடைக்காரர். "ஆமா, ஒங்க வாய மூடுற மருந்து" என்றேன். லேபிளில் கம்பெனி பொய், ஊர் பொய், முத்திரை பொய். மருந்தின் பெயரும் அளவும் மட்டும் உள்ளபடி போட்டேன். ஒரு சாக்லேட் வாங்கி விலைச் சீட்டைச் சுரண்டினேன். கூடவே போன் எழுதிக் கொடுத்த கடிதம்: "அன்புள்ள சகாயம், தாமதத்துக்கு மன்னிக்கவும். இப்போது மாத்திரை குப்பியில் வருகிறது."

எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டி, தபால்காரர் கொடுத்ததாகச் சொல்லி மாடியில் வைத்தேன். பெரியப்பா கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"பாத்தியா? மறந்துடுவாரா? மறப்பாரான்னேன்?"

தெருவில் எட்டு வீட்டுக்குச் சாக்லேட் துண்டு போனது. எங்களுக்கு மிஞ்சியது காகிதம்.

மறுநாளிலிருந்து தினம் ஒன்று. இரண்டு வாரத்தில் கம்பத்தைப் பிடிக்காமல் மார்க்கெட் போய் வந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் சேட்டைகளில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்று செய்தது இது ஒன்றுதான்.

ஆனால் அவர் பதில் எழுதுவார் என்று நினைக்கவில்லை. மாதா மாதம் பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதி, உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். போனைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்தேன். குளிர் காலத்தில் காதை மூடிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. வெங்காய சூப்புக்கு மாவை முதலில் வறுக்கச் சொல்லுங்கள், உங்கள் மனைவி அவசரப்படுவார் என்று இருந்தது. எனக்கு இப்போது நெஞ்சு வலிப்பதில்லை, எல்லாம் உங்கள் புண்ணியம் என்று இருந்தது. அஞ்சு மாதம், அஞ்சு கடிதம். அஞ்சும் என் துணிப்பெட்டியில் அடியில் கிடந்தன. அங்கிருந்து வந்த மூன்று வரி என் போனிலேயே கிடந்தது.

தவக்காலத்தில் மாதா கோவில் வளாகத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரே வாசலில் நின்று வயசானவர்களைப் பிடித்துப் பிடித்து உள்ளே அனுப்பினார். பெரியப்பாவும் மாட்டினார். பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கருவாட்டை அவர் விட்டால்தானே. முகாம் டாக்டர், "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா மார்பை நிமிர்த்தி, "இந்த ஊர் மாத்திரை எதையும் நான் தொடுறதில்ல டாக்டர்" என்றிருக்கிறார். டாக்டர் அதை ஒரு மாத்திரையும் இல்லை என்று எழுதிக்கொண்டு பிரஷருக்கு ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார்.

அது அதே அம்லோடிபின். மேலே கம்பெனி வைத்த பெயர் பெரிதாக, மருந்தின் பெயர் எறும்பு எழுத்தில். சாமியார் முன்னால் மறுக்க முடியாமல் வாங்கி வந்தவர், வீட்டில் வேறு கணக்குப் போட்டார். சின்ன முசே அனுப்புவது நெஞ்சுக்கு. முகாமில் தந்தது பிரஷருக்கு. இரண்டும் வேறு வியாதி, ஆகவே வேறு மருந்து. காலையில் தட்டில் இரண்டு வைத்துக்கொண்டார். நான் கீழேதான் இருந்தேன். பார்சல் நன்றாக நடக்கிற மிதப்பில் தட்டைப் போய்ப் பார்க்கவில்லை.

கால் வீக்கம் முழங்கால் வரை ஏறியது. எழுந்தால் கண் இருட்டுகிறது என்றார். சாப்பிடாமல் ஒருசந்தி இருப்பதால் என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலையோடு ரொம்ப நேரம் முழங்காலில் இருந்தவர், நன்மை என்கிற நற்கருணை வாங்க எழுந்தார். எழுந்த வேகத்தில் அப்படியே முன்னால் சாய்ந்தார். பெஞ்சு விளிம்பு நெற்றியைப் பிளந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம். குருத்தோலையைக் கையிலிருந்து விடவில்லை.

அப்பாவும் நானும் ஆட்டோவில் தூக்கிப் போனோம். ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருந்தது சுடர்விழி சிஸ்டர். டாக்டர் தையல் போட்டார். பிரஷர் கீழே கிடந்தது. "என்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்றார் டாக்டர்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து குப்பியையும் அட்டையையும் எடுத்து வைத்தார். "இது நெஞ்சுக்கு. இது பிரஷருக்கு."

சிஸ்டர் அட்டையைக் கண்ணருகே வைத்துப் படித்தார். "ரெண்டும் ஒண்ணுதான் பெரியவரே. இது ரத்தக்குழாயத் தளத்துற மருந்து. தளந்தா பிரஷரும் எறங்கும், நெஞ்சுக்கும் ரத்தம் தாராளமாப் போகும். ஒரே மாத்திரைக்கு ரெண்டு வேல. நீங்க டபுளாப் போட்டுக்கினு இருக்கீங்க."

"அது பிரான்சு மருந்தும்மா."

சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், இருமினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "சகாயநாதன், முத்தியால்பேட்டை. மாசாமாசம் முப்பது மாத்திரை இங்கேர்ந்துதான் போவுது. இதோ கையெழுத்து, ஆஷ்லின். இந்தப் பொண்ணுதான வாங்கிக்கினு போறா?"

பெரியப்பா குப்பியைப் பார்த்தார். லேபிளில் விரலை ஓட்டினார். அப்பாதான் என் மண்டையில் ஒன்று வைத்தார். சிஸ்டரை நான் எல்லார் முன்னாலும் திட்டினேன். அந்தம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு வார்த்தை நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நெற்றியில் ஏழு தையல் விழுந்திருக்காது. டாக்டர் போகும்போது, "ஒண்ணு மட்டும் சாப்பிடுங்க. பயந்துக்கினு முழுசா நிறுத்திடாதீங்க" என்றார்.

அதுதான் எனக்கும் பயம். உண்மை தெரிந்துவிட்டது. இனி பிரான்சு இல்லை. மனுஷன் நிறுத்திவிடுவாரோ என்று மூன்று நாள் மாடிப்படியில் உட்கார்ந்து காது கொடுத்தேன். என்னோடு பேச்சு இல்லை. காப்பிக் கிண்ணத்தின் சத்தமும் இல்லை.

நாலாம் நாள் காலை கதவைத் திறந்து, "வா" என்றார். மேஜையில் சிஸ்டர் கொடுத்தனுப்பிய அரசாங்க மாத்திரை அட்டை கிடந்தது. ஒன்றைப் பிதுக்கி, டம்ளர் தண்ணீரில் விழுங்கினார். தட்டு இல்லை, ரொட்டி இல்லை. பிச்சை எடுத்ததைத் தின்கிறவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு விழுங்கினார்.

"கடுதாசி எழுதுனது நீதான?"

"போன் எழுதுச்சு. நான் அமுக்குனதோட சரி."

"நான் குடுத்ததெல்லாம்?"

"எம்பொட்டியில இருக்குது. ஒண்ணும் கசங்கல."

நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார்.

"அவருக்கு நீ ஒரு வார்த்த தகவல் சொல்லவே இல்லியா?"

இதற்குப் பதிலை மூன்று நாளாகத் தயாராக வைத்திருந்தேன். "சொன்னேன் பெரியப்பா. மெசேஜ் போட்டேன். பதிலே வரல. நம்பர் மாத்திட்டாரு போல. பாவம், அவருக்கும் என்னா வேலையோ."

என்னையே பார்த்தார். வெந்துவிட்டதா என்று அடுப்பில் இருப்பதைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"பாவமா? நீயா சொல்ற?" என்றார். "ஓட்டல் மேனேஜர வுடல. ஜெராக்ஸ்காரன வுடல. தையல் போட்டுக் காப்பாத்துன எடத்துல அந்த சிஸ்டரயே வுடல. ஆறு மாசமா அவன மட்டும் ஒரு வார்த்த திட்டல."

சின்ன முசேயைப் பற்றி அவர் வாயில் 'அவன்' வந்து நான் கேட்டதே இல்லை.

"பதில் வரலன்னா இந்நேரம் நீ பாரிசுக்குக் கேக்குற மாதிரி கத்தியிருப்ப. வந்திருக்குது. எனக்குக் காட்டக் கூடாத மாதிரி வந்திருக்குது." கையை நீட்டினார். "போனக் குடு."